காற்றுக் கிணற்றின் நடுக்கோடு

நிலவிலிருந்து வந்த கடிதத்தைப் பூங்கோதை நான்கு நாள் திறக்காமலே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அது அவள் திரையின் ஓரத்தில் வந்து நின்றது. அனுப்பியவர் பெயர் ஜெசிந்தா. கட்டுமானப் பொறுப்பாளர், முதல் குடியிருப்பு, நிலவு. பொருள் என்ற இடத்தில் ஒரே வரி: 'நடுவில் நிற்கும் கம்பம் பற்றி.' அந்த வரியைப் படித்ததுமே பூங்கோதைக்குப் புரிந்துவிட்டது. ஆறு வருடமாக எது வரும் என்று பயந்துகொண்டிருந்தாளோ அது வந்துவிட்டது. திரையை அணைத்துவிட்டுப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு வரைபட நிலையத்தில் அவளுக்கு வேலை. கட்டடம் வரைகிறவர்கள் எடுத்த எடுப்பில் கட்டடத்தை வரைவதில்லை. முதலில் துணைக்கோடு, துணைத்தளம் என்று வெறும் கோடுகளும் தளங்களும் போட்டுக்கொள்வார்கள். இந்தக் கோட்டிலிருந்து நான்கு அடி தள்ளிக் கதவு, அந்தத் தளத்திலிருந்து பத்து அடி மேலே கூரை என்று ஒவ்வொன்றையும் அவற்றிலிருந்துதான் அளப்பார்கள். தையல்காரர் துணியில் சுண்ணக்கட்டியால் இழுக்கும் கோடு மாதிரி. சட்டையில் அதற்கு வேலை இல்லை; ஆனால் அது இல்லாமல் சட்டை இல்லை. ஒரே ஒரு வித்தியாசம், தையல்காரர் கோட்டைத் தட்டிவிட்டால் போய்விடும். வரைபடத்தில் துணைக்கோட்டை அழித்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கதவும் கூரையும் இடம் தெரியாமல் ஓடிவிடும். அதனால் அழிக்காமல் மறைத்துவைப்பார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு துணைக்கோடாகத் தேடி 'மறை' என்று அழுத்த வேண்டும்.

கொத்தனார்கள் கட்டிய காலத்தில் ஒன்றிரண்டு மறைக்காமல் போனாலும் மோசமில்லை. "ஏனுங்க, நடு ஹாலுல ஒரு கோடு போகுதே, என்னங்க அது?" என்று ஒரு போன் வரும், முடிந்துவிடும். கட்டெந்திரங்கள் வந்தபின் அந்தப் போன் நின்றுபோயிற்று. எந்திரம் கேட்காது. வரைபடத்தில் தெரிவது எல்லாம் கட்டப்படும், தெரியாதது எதுவும் கட்டப்படாது என்பது சட்டம். சிமெண்டைக் குறைத்துப் போட்டு ஏமாற்றுகிற பேச்சே ஒழிந்ததில் ஜனங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பொறுப்பு முழுவதும் வரைகிறவர் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு ஊரில் கல்யாண மண்டபத்துப் பந்திக் கூடத்தின் குறுக்கே விரல் கனத்தில் ஒரு சுவர் எழும்பிவிட்டது, யாரோ ஒரு துணைத்தளத்தை மறைக்க மறந்ததால். வரைந்தவரின் உரிமத்தை ஆயுளுக்கும் பறித்துவிட்டார்கள். அவர் இப்போது மச்சான் கடையில் பூட்டு விற்கிறார் என்று சொல்வார்கள்.

நிலவில் பனிக்கட்டி தோண்டப் போன எண்பத்துநான்கு பேருக்கான குடியிருப்பு பூங்கோதை வரைந்தது. தரைக்குக் கீழே ஆறு தளம். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு வட்டமான திறப்பு, ஆறடி அகலம். காற்று ஏறி இறங்குவதற்காக விட்ட அந்த இடத்துக்குக் காற்றுக் கிணறு என்று பெயர். அதன் சரியான நடுவில் ஒரு துணைக்கோடு. அவள் போட்ட முதல் கோடே அதுதான். மொத்தக் கட்டடமும் அதிலிருந்து அளந்தது.

படத்தைக் கொடுத்த அன்று அவள் தங்கைக்கு வளைகாப்பு. எல்லாவற்றையும் மறைத்து முடித்தபின், கிணறு நேராக இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்க நடுக்கோட்டை மட்டும் திரும்பத் தெரியவைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தங்கையின் போன். "எங்கக்கா இருக்கே? எல்லாரும் வந்தாச்சு." படத்தை மூடி, சரிபார்க்கிற ஹபீபுல்லா சாருக்கு அனுப்பிவிட்டு ஓடினாள். கோட்டைத் திரும்ப மறைத்தாளா? கை அந்தப் பக்கம் போனது ஞாபகம் இருக்கிறது. அழுத்தியது ஞாபகம் இல்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு செய்தியில் படம் வந்தது. காற்றுக் கிணற்றின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு அலுமினியக் கம்பம். கனம் சொல்லாத கோட்டுக்கு எந்திரம் தன்னால் முடிந்த மிகச்சிறிய கனத்தைக் கொடுத்துவிடும். இங்கே மூன்று விரல். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்தது பூங்கோதைக்குத் தெரியவில்லை. கம்பம் மட்டும்தான் தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எதையும் நான்குமுறை சரிபார்க்காமல் அவளால் விட முடியவில்லை. அலுவலகத்தில் 'நாலுதரம் அக்கா' என்று பெயரே வந்துவிட்டது. பெரிய பதவி இரண்டு முறை தேடி வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்றாள். குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பி மேட்டுப்பாளையம்வரை போனபிறகு, வீட்டைப் பூட்டினோமா என்று திரும்ப அழைத்து வந்திருக்கிறாள். புருஷன் மயில்சாமி, பேருந்து மின்கலம் பழுதுபார்க்கிறவன், பொறுமைசாலி. அவனே ஒருநாள், "உனக்கு என்னமோ இருக்குது கோதை. நீயா சொல்றப்போ சொல்லு" என்று விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை கடிதத்தைத் திறந்தாள்.

'வணக்கம் மேடம். இங்கே இரண்டாம் குடியிருப்பு கட்டப் போகிறோம். முதல் குடியிருப்பில் இருப்பது போலக் காற்றுக் கிணற்றில் ஒரு கம்பம் வேண்டும் என்று எண்பத்துநான்கு பேரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டோம். அப்படி ஒரு உறுப்பே பட்டியலில் இல்லை, இது எப்படி வந்தது என்று ஒப்புதல் குழு கேட்கிறது. அது பாரம் தாங்குகிறதா இல்லையா என்று தெரியும்வரை யாரும் தொடக்கூடாது என்று நாடா கட்டிவிட்டார்கள். பதினெட்டாம் தேதி கூட்டம். அதற்குள் விளக்கம் வராவிட்டால் அறுத்து எடுக்கச் சொல்லி உத்தரவு வரும்.

'உங்களுக்கு அங்கிருந்து புரியுமோ என்னவோ, இங்கே மனிதருக்கு ஆறில் ஒரு பங்கு எடைதான். படியில் ஏறினால் கால் ஒரு படிக்கு வைத்தது நான்காம் படியில் போய் விழும், தலை கூரையில் இடிக்கும். நாங்கள் யாரும் படியில் போவதில்லை. கம்பத்தில்தான். இராயப்பன் என்று எங்கள் சமையல்காரர் இருக்கிறார். தோண்டும் இடத்தில் அடிபட்டு இடது கால் வராது. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து மறு கையில் சாம்பார்ச் சட்டியோடு ஆறு தளமும் போய் வருவார். நாடா கட்டி மூன்று வாரம் ஆயிற்று. அவர் அடித்தளத்துச் சமையலறையை விட்டு மேலே வரவில்லை. நாங்கள் இறங்கிப்போய்த்தான் பேசிவிட்டு வருகிறோம்.

'வரைந்தவர் நீங்கள் என்று பட்டியலில் பார்த்தேன். ஏதாவது ஒரு காரணம் எழுதிக் கொடுத்தீர்கள் என்றால் போதும். பழுது பார்க்க விட்ட கம்பம் என்றோ, எப்படியோ. உங்களுக்குத் தெரியாததா.'

பூங்கோதை கடிதத்தை இரண்டாவது முறை படித்தாள். படத்தில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்துப் பார்த்தாள். கம்பத்தின் உச்சியில் ஒரு பெண் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

மூன்றாவது முறை படிக்காமல் எழுந்து ஹபீபுல்லா சாரைத் தேடிப் போனாள்.

ஹபீபுல்லாவுக்கு ஐம்பத்தேழு வயது, போத்தனூர்க்காரர். இருபது வருடமாக அவள் வரைவதை அவர்தான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். மாலை நான்கு மணிக்கு எதிர் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் அவருக்கு ஆகவேண்டும். அங்கேயே பிடித்தாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லும்மா. பன் சாப்பிடு முதல்ல."

"வேண்டாங்க. நிலாவுல ஒரு குடியிருப்பு போட்டமுங்களே, அதுல காத்துக் கிணத்துக்குள்ள ஒரு கம்பம் நிக்குது. அது நான் பண்ணுன தப்புங்க."

ஹபீபுல்லாவின் கையிலிருந்த பன் டீயில் முழுதாக முங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நடுக்கோட்டை மறைக்காம உங்களுக்கு அனுப்பீட்டேன். அன்னிக்குத் தங்கச்சிக்கு வளைகாப்பு. அவசரத்துல..." அவள் பன் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஆறு வருசமா யார்கிட்டயும் சொல்லலீங்க. நீங்க வேற கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தெரிஞ்சா உங்க பேரும் கெடும்னு..."

"பூங்கோதை, கொஞ்சம் நில்லும்மா." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது நீ பண்ணலை. நான் பண்ணுனது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நீ அனுப்புன படத்துல நடுக்கோடு தெரிஞ்சுதா இல்லையான்னு எனக்கு ஞாபகமே இல்லை. ஆனா நான் அதைத் தெரியவச்சது ஞாபகம் இருக்கு. கிணறு நேரா இருக்கான்னு பார்க்கறதுக்கு. அப்போ எனக்குக் கண்ணுல புரை. திரையில இருக்கறது மங்கலாத்தான் தெரியும். சொன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை. கோடு இருக்கா மறைஞ்சுதான்னு தெரியாமலே கையெழுத்துப் போட்டேன். படம் செய்தில வந்ததும் மறுவாரமே போய் ஆபரேசன் பண்ணிக்கிட்டேன். என்ன பிரயோஜனம்?"

"அதுக்கப்புறம்தான் பக்ரீதுக்கு எங்க வீட்டுக்கு அண்டாவோட பிரியாணி அனுப்ப ஆரம்பிச்சீங்க."

"உன் பேரைக் கெடுத்துட்டோமேன்னு ஒரு குற்ற உணர்ச்சி. நீ ஏன் ரெண்டு வருசமா என் சனிக்கிழமை வேலையெல்லாம் எடுத்துப் பண்ணுனே?"

"அதேதானுங்க சார்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். ஹபீபுல்லாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீயில் கரைந்துபோன பன்னைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் ஜெசிந்தாவின் கடிதத்தைக் காட்டினாள். படித்துவிட்டு அவர்தான் மெதுவாகச் சொன்னார். "யார் எப்போ எந்தக் கோட்டைத் தெரியவச்சாங்கங்கற பதிவு அஞ்சு வருசத்துல தானா அழிஞ்சிரும், தெரியுமா? போன வருசமே அழிஞ்சாச்சு. நாம ரெண்டு பேரும் வாயத் திறக்கலேன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்தம்மா கேக்கற மாதிரி 'பழுது பார்க்கிற கம்பம்'னு நீ எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடறேன். அவங்களுக்கும் கம்பம் கிடைச்சிரும்."

கடிதத்தைப் படித்ததிலிருந்து பூங்கோதையும் அதை யோசிக்காமல் இல்லை. "பழுது பார்க்கிற கம்பம்னு பட்டியல்ல ஏத்தீட்டா, நாளைக்கு எவனாவது ஒருத்தன் அதை நம்பிக் கணக்குப் போடுவான் சார். இதுல ரெண்டு டன் கட்டித் தூக்கலாம்னு ஒருத்தன் நினைப்பான். அது வெறும் கோடுங்க. எதையும் தாங்கறதில்லை. எண்பத்துநாலு பேர் பூமிக்கடியில இருக்காங்க."

"அப்போ உண்மையச் சொல்லீரலாங்கறே."

"நான் சொல்றேன். உங்க பேர் வேண்டாம். ரிட்டயர் ஆக மூணு வருசம்தான இருக்குது."

"அதெப்படி? என் தப்பை நீ கொண்டுபோயிருவியா?" என்றார் ஹபீபுல்லா, ஏதோ பொருளைப் பறிகொடுக்கப் போகிறவர் போல.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கூட்டம். நிலைய மாநாட்டு அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். திரையின் ஒரு பாதியில் சென்னையிலிருந்து ஒப்புதல் குழுத் தலைவர் அமிர்தகடேசன். அறுபது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பெயர். மறு பாதியில் நிலவு. நடுவில் ஜெசிந்தா, சுருட்டை முடியைத் துணியால் கட்டிய நாற்பத்தைந்து வயதுப் பெண். அவள் பின்னால் பத்து இருபது தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டிப் பார்த்தன. இன்னும் பின்னால் மஞ்சள் நாடா கட்டிய கம்பம். இங்கே சொன்னது அங்கே போய், அங்கே சொல்வது இங்கே வந்துசேர மூன்று நொடி ஆகும்.

அமிர்தகடேசன் சுற்றி வளைக்கவில்லை. "இந்தக் கம்பம் என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

பூங்கோதை எழுந்து நின்றாள். திரையில் பேசும்போது எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் நின்றாள். "அது கம்பம் இல்லீங்க. கிணத்தோட நடுக்கோடு. துணைக்கோடு. பாரம் எதுவும் தாங்கறதில்லை, எடுத்தாலும் வச்சாலும் கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது. மறைச்சு அனுப்பியிருக்கோணும். நான் மறைக்காம விட்டுட்டேன். ஆறு வருசமாத் தெரிஞ்சும் சொல்லலை. அதுவும் என் தப்புதான்."

"அவங்க தப்பு இல்லீங்க," என்றபடி ஹபீபுல்லாவும் எழுந்தார். "சரிபார்க்கிறப்போ நான்தான் தெரியவச்சேன். அப்போ எனக்குக் கண்ணு சரியில்லை. மறைச்சு வச்சிருந்தேன்."

"எதை, கோட்டையா?"

"கண்ணை."

அமிர்தகடேசன் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு கோட்டுக்கு ரெண்டு பேரா? யாராவது ஒருத்தர்தானே தெரியவச்சிருக்க முடியும்."

மூன்று நொடி கழிந்தது. நிலவுப் பக்கத்தில் ஜெசிந்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்த தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவள் கையை எடுத்தபோது முகம் சிவந்திருந்தது.

"சார், அவுக ரெண்டு பேரும் இல்ல. நாந்தான்," என்றாள்.

அமிர்தகடேசன் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அவள் பேச்சு அதற்குள் தொடர்ந்து வந்துவிட்டது.

"எந்திரத்துல படத்த ஏத்துறது எம் பொறுப்பு. ஏத்தும்போது ஒளிஞ்சிருக்க கோடெல்லாம் ஒரு பட்டியலா வரும். பாத்தா, கிணத்துக்கு நட்ட நடுவுல ஒண்ணு, மேல இருந்து அடி வரைக்கும். நான் அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் இங்க கூடாரத்துல கெடந்து, தோண்டுற குழிக்குப் படியில ஏறி எறங்குனவ. படியில போனா என்ன ஆகும்னு தெரியும். மண்டைய பாருங்க, தையல் போட்ட தழும்பு. நாலு பேரு கைய ஒடிச்சிருக்காவ. அந்தக் கோட்டப் பாத்ததும் எனக்கு வேற ஒண்ணும் தோணல. 'காட்டு'ன்னு அமுக்கிட்டேன். எந்திரம் கட்டிப்போட்டுது. படத்துல உள்ளபடி கட்டியாச்சுன்னு எழுதி அனுப்பிட்டேன். அது பொய் இல்லல்லா?"

பூங்கோதை அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், உங்களுக்கு எழுதும்போது நீங்க ஏதோ ஒரு காரணம் எழுதித் தருவீக, எல்லாம் ஒப்பேறிரும்னு நெனச்சேன். நீங்க இத்தன வருசம் உங்க தலையில தூக்கிட்டுக் கெடந்தது எனக்கு எப்படித் தெரியும்? சத்தியமா அந்தப் படத்துல ஒரு கோடு வெளிய தெரியல. எத்தனையோ படம் ஏத்தியிருக்கேன். அவ்வளவு சுத்தமான படம் நான் பாத்ததே இல்ல."

"இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள் பூங்கோதை.

மூன்று நொடி. தன் கேள்வி வெட்டவெளியில் போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வரும்வரை அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுத்தமான படம், மேடம். ஒரு கோடு தெரியல."

ஹபீபுல்லா உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பூங்கோதையும் உட்கார்ந்தாள். தான் மறைத்திருக்கிறாள். தங்கை போனில் கத்திக்கொண்டிருந்தபோதே, தன்னையறியாமலே, அந்த விரல் அழுத்தியிருக்கிறது. இருபது வருடப் பழக்கம். அவளுக்கு ஏனோ அன்று தங்கைக்குப் போட்ட பச்சை வளையல்கள் ஞாபகம் வந்தன. அன்று ஒரு வளையல்கூட உடையாமல் அழகாக நடந்த விழா அது. இத்தனை வருடத்தில் அதை ஒருமுறைகூடச் சந்தோஷமாக நினைத்துப் பார்த்ததில்லை.

அமிர்தகடேசன் தொண்டையைச் செருமினார். "ஜெசிந்தா, கம்பம் வேணும்னா முறையாக் கேட்டிருக்கலாமே. எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

"கேட்டேன் சார். மூணு தடவ எழுதிக் கேட்டேன். மூணுக்கும் ஒரே பதிலு. 'படிக்கட்டு இருக்கிறது. கம்பம் தேவையில்லை.' அந்தக் காகிதம் இன்னும் எங்கிட்ட இருக்கு. யாரு எழுதினதுன்னு பேரு கெடையாது, கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி."

சென்னைப் பக்கத்துப் படம் அசையாமல் நின்றது. இணைப்பு போய்விட்டதோ என்று ஹபீபுல்லா திரையை எட்டிப் பார்த்தார். இணைப்பு போகவில்லை. அமிர்தகடேசன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கையெழுத்து என்னோடது," என்றார்.

நிலவில் யாரோ "ஆத்தாடி" என்றது மூன்று நொடி கழித்துக் கேட்டது.

"அப்போ நான் குழுவில் உறுப்பினர். ஒரு நாளைக்கு நாற்பது கோரிக்கை வரும். கம்பம்னு பார்த்தேன், படிக்கட்டு இருக்கேன்னு எழுதினேன். மூணு தடவையும். ஒருத்தங்க எதுக்கு மூணு தடவை கேட்கிறாங்கன்னு யோசிக்கலை." அவர் குரலில் வழக்கமான விறைப்பு இல்லை. "நான் படி ஏறினது எல்லாம் இந்த பூமியில்தான். அங்கே எப்படின்னு எனக்கு என்ன தெரியும்?"

பிறகு அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மனிதர் மாறினாலும் விதி மாறாது. சந்தேகம் இருந்தும் சொல்லாமல் இருந்ததற்காகப் பூங்கோதைக்கும் ஹபீபுல்லாவுக்கும் ஒரு மாதம் உரிமம் நிறுத்தம். கண்ணை மறைத்ததற்காக ஹபீபுல்லாவுக்குக் கூடுதலாக ஒரு வாரம். அனுமதியின்றிக் கோட்டைக் காட்டிய ஜெசிந்தாவையும் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அவளை நிறுத்தினால் அங்கே எந்திரத்தைத் தொட வேறு ஆள் இல்லை. யோசித்துவிட்டு, "இனி அந்தக் கம்பம் பட்டியலில் ஒரு கைப்பிடி. கைப்பிடிகள் எல்லாவற்றுக்கும் வண்ணம் அடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆறு தளத்துக்கும் நீங்களே அடிங்க" என்றார்.

"உங்களுக்கு என்ன சார்?" என்று நிலவிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. அடித்தளத்திலிருந்து பேச்சுக்குழாய் வழியாக வந்த இராயப்பன் குரல் அது என்று பிறகு தெரிந்தது. ஜெசிந்தா திரும்பி முறைத்தாள். ஆனால் கேள்வி ஏற்கெனவே பூமிக்குக் கிளம்பிவிட்டிருந்தது.

அமிர்தகடேசன் அதைக் குறித்துக்கொண்டார். "நியாயமான கேள்வி," என்றார். "அடுத்த கப்பலில் நான் வருகிறேன். நாடாவை இப்போதே அவிழ்க்கலாம்."

அவிழ்க்கவில்லை; அறுத்தார்கள். கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லாததால் திரை அணையாமல் இருந்தது. பூங்கோதையும் ஹபீபுல்லாவும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். கிணற்றின் அடியிலிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு நரைத்த தலை. இராயப்பன் ஒற்றைக் கையால் மாற்றி மாற்றிப் பிடித்து, தண்ணீரில் மிதந்து வருகிறவர் போல அலட்டாமல் ஏறி வந்தார். மறு கையில் சட்டி. இத்தனை வாரமாக அவரைக் கீழே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். மேல் தளத்துக்கு வந்து விளிம்பில் உட்கார்ந்து, மூச்சுகூட வாங்காமல், "யார் மேலயாச்சும் ஒரு சொட்டு சிந்தியிருக்கா?" என்று கேட்டார்.

"தங்கச்சி," என்றாள் ஜெசிந்தா திரையைப் பார்த்து. மேடம் எப்போது தங்கச்சி ஆயிற்று என்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. "இரண்டாவது கட்டடத்துக்குக் கோடு நீதான் போடணும், கேட்டியா? ஒரு மாசம் காத்துக் கெடக்கோம்."

"போடறேங்க அக்கா. இந்தத் தடவை கனம் சொல்லிப் போடறேன். மூணு விரல் போதுமா?"

மூன்று நொடி. "நாலா வை. எனக்குக் கை பெருசு."

அந்த ஒரு மாதம் பூங்கோதைக்குப் பள்ளிக்கூட லீவு மாதிரி போயிற்று. மயில்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, "இதுக்காடி என்னை மேட்டுப்பாளையத்துல இருந்து திருப்பிக் கூட்டிட்டு வந்தே?" என்றான். தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தாள். வளைகாப்பன்று வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. அவனோடு சேர்ந்து மரத்தில் ஏறி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள்.

வேலைக்குத் திரும்பியதும் இரண்டாம் குடியிருப்பின் படம். வரைவதற்கு முன்னால், அங்கே போய் வாழப்போகிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இனி எந்தப் படமும் குழுவுக்கு வரவேண்டும் என்று அமிர்தகடேசன் ஒரு புது விதி போட்டிருந்தார். எழுபது பேர் கோரிக்கை அனுப்பினார்கள். ஒருவர் படுக்கையிலிருந்து பூமி தெரியும்படி ஒரு குழாய்க் கண்ணாடி கேட்டார். ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்கு ஒரு சின்ன அறை வேண்டும் என்றாள். பக்கத்திலேயே இன்னொருத்தி, அதை ஒட்டிச் சிரிப்பதற்கும் ஒன்று இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள். பூங்கோதை இரண்டையும் வைத்தாள். ஹபீபுல்லா தன் புதுக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒரே முறை பார்த்து அவள் அனுப்பிய படம் அது.

கட்டி முடித்து ஆட்கள் குடியேறுவதற்கு முந்தின வாரம், நிலவிலிருந்து ஆய்வறிக்கை வந்தது. எழுதியவர் அமிர்தகடேசன். பதினான்கு பக்கம். காற்றழுத்தம், கதவு, வெளிச்சம், கழிவுநீர் என்று எல்லாவற்றுக்கும் எண்களும் அளவுகளும், அவருக்கே உரிய வறண்ட நடையில். பூங்கோதை பேக்கரி மேசையில் வைத்து ஹபீபுல்லாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

"என்னம்மா, ஏதாவது குறை எழுதியிருக்காரா?" என்றார் அவர் கவலையோடு.

அவள் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

'உறுப்பு எண் 212, காற்றுக் கிணற்றுக் கம்பம். முதல் தளத்திலிருந்து ஆறாம் தளம்வரை சறுக்கி இறங்க ஆகும் நேரம்: பதினொரு நொடி. அளவு சரிதானா என உறுதி செய்துகொள்ளத் தலைவரே ஒன்பது முறை இறங்கிப் பார்த்தார். நாளையும் பார்ப்பார்.'